கருவியை விடுங்கள், தரவு எங்கே? தரவுத்தளச் செயலியைச் சோதிக்கும் நான்கு வழிகள்

"கே6 எடுப்பதா, ஜேமீட்டரே போதுமா?" தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். இரண்டும் செயலிக்குச் செயற்கைக் கூட்டத்தை அனுப்பிச் சோதிக்கும் கருவிகள். பிரிக்பீல்ட்ஸில் டிக்கெட் செயலி எழுதும் சிறு குழுவினர் கேட்பார்கள். பாயான் லெப்பாஸில் கிடங்குக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்பார். தைப்பூசத்திற்கு முன்பதிவுப் பக்கம் செய்துகொடுத்த பினாங்கு மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் சோதனைத் தரவுத்தளத்தில் எத்தனை பதிவுகள் இருக்கின்றன, அவை எங்கிருந்து வந்தவை? பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. எந்தத் தரவின் மேல், யாருடைய வருகையைப் போல ஓட்டப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால் கருவியை ஒரு மாலையில் தேர்ந்துவிடலாம். அந்த முடிவுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிடும் முன், ஒரு காலைப்பொழுதைச் சொல்லியாக வேண்டும்.

பட்டர்வொர்த் பஸ்

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் பஸ் நிறுவனம் ஒன்றுக்கு டிக்கெட் செயலி எழுதிக்கொடுத்தோம். விற்பனைக்கு முந்தைய வாரம் 2,000 பயணிகள் ஒரே நேரத்தில் வருவதுபோல் சோதித்தோம். சராசரிப் பதில் நேரம் கால் வினாடிகூட இல்லை. தீபாவளி விற்பனையைக் காலை 10 மணிக்குத் திறந்தோம். 10.04க்கு டிக்கெட் முகப்பில் இருந்த அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஈப்போவுக்குக்கூட டிக்கெட் எடுக்க முடியவில்லை. வரிசை கதவைத் தாண்டிவிட்டது."

சர்வரின் சிபியு பத்து விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸில் நடப்பு இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அனுமதித்திருந்த 100 இணைப்புகளில் ஏறக்குறைய எல்லாமே பூட்டு கிடைப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தன. ஒருவர் ஒரு பதிவைத் திருத்தி முடிக்கும்வரை மற்றவர் அதைத் திருத்தாமல் தடுப்பதுதான் பூட்டு. எல்லாம் ஒரே பதிவின் பூட்டு: தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகும் பஸ்ஸின் 'மீதி இருக்கை' எண்.

நாங்கள் எழுதியிருந்த முறை இதுதான்: அந்தப் பதிவைப் பூட்டு, ஓர் இருக்கையைக் கழி, வங்கியின் பதிலுக்குக் காத்திரு, பதில் வந்ததும் பரிவர்த்தனையை, அதாவது தரவுத்தளத்தில் தொடங்கிய இந்தத் திருத்தத்தை, முடி. வங்கிப் பதிலுக்கு 3 வினாடி ஆனது. பூட்டை 3 வினாடி பிடித்து வைத்தால் அந்த ஒரு பஸ்ஸுக்கு நிமிடத்திற்கு 20 டிக்கெட்டுக்கு மேல் விற்க முடியாது. எவ்வளவு பெரிய சர்வரை வாங்கி வைத்தாலும் அதே கணக்குதான். நூறாவது ஆளின் முறை வர 5 நிமிடம் ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்கள்? பக்கத்தை மூடிவிட்டு மறுபடி வந்தார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன பரிவர்த்தனை சர்வரில் வரிசையை விட்டு நகரவில்லை. நூறு இணைப்பும் பட்டர்வொர்த்துக்கே போய்விட்டதால் ஈப்போவுக்குப் போகிறவருக்குக் கதவே திறக்கவில்லை.

சோதனையில் இது ஏன் தெரியவில்லை? 2,000 பயணிகளையும் 60 பஸ்களுக்குச் சமமாகப் பிரித்து அனுப்பியிருந்தோம். வங்கிக்குப் பதிலாக, கேட்டவுடன் 'சரி' என்று சொல்லும் பொம்மைச் சேவையை வைத்திருந்தோம். இந்த இரண்டும் அப்படியே இருக்கும்வரை, எந்தக் கருவியை வைத்து ஓட்டியிருந்தாலும் அதே கால் வினாடிதான் வந்திருக்கும்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் தரவின் வடிவம். பதிவுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. பத்து லட்சம் பயணிகளை 'பயணி 000001' என்று வரிசையாக நிரப்பினால் எந்தப் பெயரைத் தேடினாலும் ஒரே பதிவுதான் வரும். மலேசியாவின் உண்மைப் பட்டியலிலோ 'முகமது' என்றோ அதன் சுருக்கமாகவோ தொடங்கும் பெயர்கள் குவிந்து கிடக்கும். நம்மவர் பெயர்களின் நடுவில் சாய்கோட்டோடு ஏ/எல், ஏ/பி வரும். சீனர் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். 'டான்', 'லிம்' எல்லாம் ஆயிரக்கணக்கில் இருக்கும். முகப்பில் இருப்பவர் நான்கு எழுத்தைத் தட்டும்போது ஒரு பதிவு வரும் என்று தரவுத்தளம் கணித்தால், புத்தகத்தின் பொருளகராதி போன்ற இண்டெக்ஸ் வழியாகப் போகும். பெரும் பங்கு வரும் என்று கணித்தால் அட்டவணை முழுவதையும் வாசிக்கும். இரண்டுக்கும் இடையே பல வினாடி வேறுபாடு இருக்கலாம்.

அடுத்தது வருகை. பல கருவிகள் இயல்பாக 'இத்தனை பயனர்' என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் பதில் கிடைத்த பிறகே அடுத்த கோரிக்கையை அனுப்புகின்றன. சர்வர் திணறினால் அந்தப் பயனர்களும் நின்றுவிடுகிறார்கள். சுமை தானாகக் குறைந்துவிடுகிறது. தீபாவளிக் கூட்டம் அப்படிக் குறையாது. வினாடிக்கு 50 கோரிக்கை வரும் செயலி 10 வினாடி உறைந்தால் பாதிக்கப்படுவது 500 பேர். 20 பயனரை வைத்து ஓட்டும் சோதனையோ 20 மெதுவான பதில்களை மட்டும் குறித்துக்கொண்டு, மற்றவற்றின் சராசரியில் அவற்றைக் கரைத்துவிடும். கில் டெனே என்ற பொறியாளர் இதற்குக் 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயர் வைத்துப் பல மேடைகளில் விளக்கியிருக்கிறார். அதனால், பயனர் எண்ணிக்கையை விட்டுவிட்டு 'வினாடிக்கு இத்தனை பேர் புதிதாக வருகிறார்கள்' என்று ஓட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். சராசரியையும் நம்ப வேண்டாம். நூறில் மிக மெதுவான ஒருவருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

மூன்றாவது, எவ்வளவு நேரம், எந்த வட்டு. போஸ்ட்கிரெஸில், நினைவகத்தில் சேர்ந்த மாற்றங்களை வட்டில் எழுதும் 'செக்பாயிண்ட்' என்ற வேலை இயல்பாக 5 நிமிடத்திற்கு ஒருமுறை நடக்கும்; 3 நிமிடச் சோதனை அதைச் சந்திக்காமலே முடிந்துவிடலாம். அமேசானின் மேகச் சேவையில் (வாடகைச் சர்வர்களில்) வரும் 'ஜிபி2' என்ற பழைய வகை வட்டுகள் இன்னும் மோசமாக ஏமாற்றும். 100 ஜிபி வட்டுக்கு வினாடிக்கு 300 வாசிப்பு-எழுத்துதான் நிலையான உரிமை; ஆனால் பயன்படுத்தாமல் சேர்த்து வைத்த உரிமையை வைத்து 3,000 வரை ஓடும். கணக்குப் போட்டால் அந்தச் சேமிப்பு அரைமணி நேரத்தைச் சற்றுத் தாண்டித் தீரும். 20 நிமிடச் சோதனை அருமையாகத் தேறிவிடும். 40ஆவது நிமிடத்தில் வட்டு பத்தில் ஒரு பங்கு வேகத்திற்கு விழும். குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்வது இதனால்தான்.

மற்ற மூன்று அளவுகோல்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாளை அதே நிலையிலிருந்து மறுபடி ஓட்ட முடியுமா? ஆள் நாள் எத்தனை ஆகும்? பிறர் விவரங்களைத் தொடுகிறோமா?

வழி 1: தரவுத்தளத்தை மட்டும் தனியே சோதிப்பது

போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வரும் பிஜிபெஞ்ச், மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் சிஸ்பெஞ்ச், பல தரவுத்தளங்களுக்கும் பொதுவான ஹேமர்டிபி ஆகியவை இந்த வகை. நிறுவி, தரவை நிரப்பி, ஓட்டி முடிக்க அரை நாள் போதும். பிறர் விவரம் எதுவும் இதில் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து மறுபடி தொடங்கலாம்.

ஆனால் அது சோதிப்பது உங்கள் செயலியை அன்று. பிஜிபெஞ்சின் இயல்பான வேலை டிபிசி-பி என்ற பழைய அளவீட்டைத் தழுவியது. 1995இலேயே அந்த அளவீடு ஓய்வுபெற்றுவிட்டது. வங்கிக் கணக்கு, காசாளர், கிளை என்று மூன்று அட்டவணைகளைத் திருத்தி, வரலாற்று அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்க்கும். தரவு எவ்வளவு பெரியது என்று சொல்லும் 'அளவு எண்' 1 என்றால் ஒரு கிளை, ஒரு லட்சம் கணக்குகள். எல்லாம் நினைவகத்திலேயே அடங்கிவிடும். அதில் வரும் 'வினாடிக்கு இத்தனை ஆயிரம்' என்ற எண்ணை வாடிக்கையாளரிடம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அளவு எண், இணைப்புகளின் எண்ணிக்கையைவிடக் குறையக்கூடாது என்று பிஜிபெஞ்சின் கையேடே எச்சரிக்கிறது; குறைந்தால் எல்லா இணைப்புகளும் ஒரு சில கிளைப் பதிவுகளுக்காக மோதிக்கொள்ளும், எண் விழுந்துவிடும். பொதுவான அளவீட்டுக்கு அது குறை. டிக்கெட் விற்பவருக்கு அந்த மோதல்தான் பட்டர்வொர்த் பஸ். சொந்த வினவல்களை (தரவுத்தளத்துக்கு இடும் கட்டளைகளை) எழுதிக் கொடுக்கவும், வருகை வேகத்தை நிர்ணயிக்கவும் பிஜிபெஞ்சில் வசதி இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தினால் இந்த எளிய கருவியும் நிறையச் சொல்லும்.

எப்போது பொருந்தும்: இரண்டு சர்வர்களில், இரண்டு வட்டுகளில் எது மேல் என்று பார்க்கும்போது. 2024 ஆகஸ்டில் அமேசான் மலேசியாவிலேயே தரவு மையம் திறந்தபின், சிங்கப்பூரிலிருந்து இங்கே மாறலாமா என்று கேட்பவர்கள் முதலில் இதைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வழி 2: உருவாக்கிய தரவு, செயலி வழியாக வரும் சுமை

கே6, ஜேமீட்டர், லோகஸ்ட் எல்லாம் இங்கே வருகின்றன. பயணி தேடுகிறார், பஸ்ஸைப் பார்க்கிறார், இருக்கையைத் தேர்கிறார், பணம் கட்டுகிறார் என்ற முழு வழியையும் செயலியின் வாசலிலிருந்தே நடத்துவது இது. தரவுத்தளத்தோடு சேர்ந்து, இணைப்புத் தொகுப்பு (செயலி தரவுத்தளத்தோடு திறந்து வைத்திருக்கும் இணைப்புகள்), செயலியின் குறிநிரல், வெளிச் சேவை எல்லாமே சோதனைக்குள் வந்துவிடும். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் 'உருவாக்கிய' என்ற சொல்லில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

உண்மைத் தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுக்க வேண்டாம், எண்ணிக்கைகளை எடுங்கள். ஒரு பஸ்ஸுக்கு எத்தனை முன்பதிவு, ஒரு பயணிக்கு எத்தனை டிக்கெட், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை எத்தனை பேர், ரத்தானவை எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். பெரும்பாலும் கோணலான படம்தான் வரும்: சில பஸ்களுக்கு அடிதடி, பல பஸ்கள் பாதி காலி. அந்தக் கோணலை அப்படியே உருவாக்கியில், அதாவது சோதனைத் தரவை உண்டாக்கும் நிரலில், எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் தனக்காகச் சேர்த்து வைக்கும் புள்ளிவிவர அட்டவணையும் உதவும். ஆனால் அடிக்கடி வரும் மதிப்புகளை அது அப்படியே பட்டியலிடுவதால் உண்மைப் பெயர்களும் அதில் இருக்கும். எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கியின் பொம்மைக்கும் குணம் வேண்டும். பெரும்பாலும் 2 வினாடி, சில நேரம் 8 வினாடி, எப்போதாவது பதிலே இல்லை. இதை எழுத ஒரு மணி நேரம் ஆகும். எங்களிடம் அன்று இது மட்டும் இருந்திருந்தால் அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவு, உருவாக்கியைப் பராமரிப்பதில் இருக்கிறது. முதல் முறை ஐந்தாறு ஆள் நாள். பிறகு அட்டவணையில் பத்தி (நெடுவரிசை) கூடும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் ஆறே மாதத்தில் யாரும் தொடாத கோப்பாகிவிடும். இன்னொரு செலவு, நீங்கள் நினைத்துப் பார்க்காதது எதுவும் அதில் இருக்காது. பெயரில் சாய்கோடு வரும் என்று தெரியாதவர் எழுதிய உருவாக்கியில் சாய்கோடு வராது.

வருகையைப் பொறுத்தவரை, கே6இல் பயனர் எண்ணிக்கையை நிலையாக வைத்தும் ஓட்டலாம், வருகை விகிதத்தை நிலையாக வைத்தும் ஓட்டலாம். இரண்டாவதையே எடுங்கள். ஜேமீட்டரில் வழக்கமான அமைப்பு முதல் வகை, 5.5 பதிப்பிலிருந்து வருகையை வைத்து ஓட்டும் அமைப்பும் சேர்ந்திருக்கிறது. லோகஸ்ட் பைத்தானில் எழுதப் பிடித்தவர்களுக்கு இதமானது, ஆனால் இயல்பில் முதல் வகைதான். சுமை அனுப்பும் கருவியைத் தரவுத்தளச் சர்வரிலேயே வைக்காதீர்கள். அதன் சிபியுவைத் தின்றுவிட்டுத் தரவுத்தளத்தைக் குறை சொல்லும்.

வழி 3: உண்மைத் தரவின் மறைத்த நகல்

தரவின் வடிவத்தில் இதற்கு நிகர் இல்லை. பத்து ஆண்டுகளாகச் சேர்ந்த அழுக்கு, இரட்டைப் பதிவுகள், காலியான தொலைபேசி எண்கள், 400 டிக்கெட் வாங்கிய ஒரே முகவர் என எதையும் நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

முதலில் சட்டம். மலேசியாவின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 2024 திருத்தம் அபராதத்தின் உச்சத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜூனிலிருந்து, தரவுக் கசிவை ஆணையரிடம் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். சோதனைச் சர்வர் என்பது கடவுச்சொல்லை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கும் சர்வர். டிக்கெட் வாங்க ஒருவர் கொடுத்த அடையாள அட்டை எண்ணை அங்கே கொண்டுபோய் வைக்க அவர் நமக்கு அனுமதி தரவில்லை. மறைக்காத நகல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறைப்பதும் கடினமான வேலை. மைகார்டு (அடையாள அட்டை) எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கண்டபடி 12 இலக்கங்களைப் போட்டால் செயலியின் சரிபார்ப்பே அதைத் தள்ளிவிடும். வயது வாரியான அறிக்கையும் சிதறிவிடும். ஒரே எண் பயணி அட்டவணையிலும் முன்பதிவு அட்டவணையிலும் ஒரே பொய்யெண்ணாக மாற வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் இணைக்கும் வினவல்கள் வெறுங்கையோடு திரும்பும்.

இன்னொரு மறைமுகச் செலவைப் பலர் கவனிப்பதில்லை. தரவை வெளியெடுத்து மறுபடி ஏற்றினால் அட்டவணைகள் இறுக்கமாக அடுக்கப்பட்டு, இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்பட்டுவிடும். உண்மைச் சர்வரில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வெற்றிடம் நகலில் இருக்காது, வேகம் கூடுதலாகத் தெரியும். சரி, கோப்புகளையே நகலெடுக்கலாம் என்றால், மறைப்பதற்காக ஒவ்வொரு பதிவையும் திருத்தும்போது போஸ்ட்கிரெஸ் ஒவ்வொன்றுக்கும் புதுப் பிரதி எழுதி அட்டவணையை ஊதவைத்துவிடும். அப்போது உண்மையைவிட மெதுவாகத் தெரியும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொண்டு எண்ணைப் படிக்க வேண்டும். மேகச் சேவையில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (வட்டின் ஒரு கணத்து நகலிலிருந்து) வட்டை மீட்டவர்களுக்கு இன்னொன்று: ஒவ்வொரு துண்டும் முதன்முறை தொடப்படும்போதுதான் பின்னாலிருந்து வந்து சேர்கிறது. முழு வட்டையும் ஒருமுறை வாசித்துவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.

எப்போது பொருந்தும்: பெரிய அட்டவணையில் பத்தி சேர்க்கும் முன், இண்டெக்ஸ் மாற்றும் முன், மாத இறுதி அறிக்கை ஏன் இழுக்கிறது என்று தேடும்போது. பாயான் லெப்பாஸ் நண்பருக்கு நான் சொன்னது இதுதான். அவரது கிடங்கில் வாடிக்கையாளர் சிலர், பொருட்கள் லட்சம். மறைக்க வேண்டியது குறைவு, தரவின் வடிவமோ சிக்கலானது.

வழி 4: நடந்த சுமையை மறுபடி ஓட்டுவது

ஒரு நாள் முழுதும் வந்த வினவல்களைப் பதிந்து, அதே இடைவெளியோடு வேறு சர்வரில் ஓட்டுவது. போஸ்ட்கிரெஸுக்கு, வந்த வினவல்களை அது எழுதிவைக்கும் பதிவேட்டைப் படித்து ஓட்டும் பிஜிரீப்ளே இருக்கிறது. ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தில் 11ஜி பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அதற்குத் தனி உரிமக் கட்டணம். கேட்பதற்கு எல்லாவற்றிலும் உண்மையானது இதுவே என்று தோன்றும்.

ஆனால் கட்டுப்பாடுகள் கடுமையானவை. வினவல்களைப் பதியத் தொடங்கிய அதே கணத்தில் தரவுத்தளம் இருந்த நிலையின் காப்பு நகல் வேண்டும். ஒரு நொடி விலகினாலும் 'இருக்கை ஏற்கெனவே விற்றுவிட்டது' என்று பிழைகள் குவியும். பிழை வேகமாகத் திரும்புவதால் எண் அழகாகத் தெரியும். எல்லா வினவல்களையும் பதிவேட்டில் எழுதுவது உண்மைச் சர்வரையே மெதுவாக்கும். அந்தப் பதிவேட்டில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் அப்படியே இருக்கும். வழி 3க்குச் சொன்ன சட்டம் இங்கேயும் உண்டு. முக்கியமாக, இது நேற்றைய கூட்டத்தைத்தான் காட்டும். வரப்போகும் தீபாவளியை நேற்றைய செவ்வாய்க்கிழமையிலிருந்து எடுக்க முடியாது.

தரவுத்தளப் பதிப்பை உயர்த்தும்போதும், செயலியை மாற்றாமல் சர்வரை மட்டும் மாற்றும்போதும் இதைப்போல் நம்பகமானது வேறில்லை. மற்ற வேளைகளில் வேண்டாம்.

யாருக்கு எது

மூன்று நான்கு பேர் கொண்ட குழு, பண்டிகை விற்பனை வருகிறது, கையில் இரண்டு வாரம் என்றால் வழி 2. அதிலும் முதல் மூன்று நாளை எண்ணிக்கை எடுப்பதற்கும் வங்கிப் பொம்மைக்கும் செலவிடுங்கள். கே6 குறிநிரலை நான்காவது நாள் எழுதினால் போதும். தைப்பூசப் பதிவுப் பக்கம் செய்த மாணவர்களுக்கும் இதே பதில்தான். அவர்களிடம் முந்தைய ஆண்டின் தரவு இல்லாததால், சென்ற ஆண்டு முகப்பில் உட்கார்ந்து கையால் எழுதியவர்களிடம் போய்க் கேட்கச் சொன்னேன். எந்த மணிக்குக் கூட்டம் நெரியும் என்று அவர்கள் மூச்சுவிடாமல் சொன்னார்கள்.

வங்கி, காப்புறுதி போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள், மறைக்கும் வேலைக்குத் தனி ஆள் வைக்க முடியுமென்றால் வழி 3ஐ நிரந்தர ஏற்பாடாக்கிக்கொள்ளலாம். அரைகுறையாக மறைப்பதாக இருந்தால் தொடவே வேண்டாம்.

பட்டர்வொர்த் சிக்கலுக்குப் பிறகு நாங்கள் இருக்கையைப் பத்து நிமிடம் ஒதுக்கிவைத்து உடனே பரிவர்த்தனையை முடித்துவிட்டு, அதற்குப் பின்தான் வங்கியை அழைக்கும்படி மாற்றி எழுதினோம். பூட்டு இப்போது சில மில்லி வினாடிதான் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் முதலில் ஓட்டும் சோதனையையும் மாற்றினோம்: ஒரே பஸ், 44 இருக்கை, ஒரே நிமிடத்தில் 600 பேர், வங்கிப் பதில் 3 வினாடி. பக்கத்தில் ஈப்போவுக்குத் தேடும் 20 பேர். முடிவில் மூன்றைப் பார்க்கிறேன். சரியாக 44 டிக்கெட் விற்றதா, 43ஓ 45ஓ இல்லாமல்? ஈப்போக்காரர்களில் மிக மெதுவாகப் பதில் பெற்றவருக்கு எவ்வளவு நேரம் ஆனது? இருக்கை கிடைக்காத 556 பேருக்கும் 'தீர்ந்துவிட்டது' என்ற பதில் ஒரு வினாடிக்குள் போய்ச் சேர்ந்ததா? சீக்கிரம் தெரிந்தால்தான் அவர்களால் அடுத்த பஸ்ஸையோ ரயிலையோ தேட முடியும்.